பதம் பார்த்த நீர்

தண்ணீர் தண்ணியாகும், இளநீர் எளனியாகும், வெந்நீர் வென்னியாகும். நாள்தோறும் நாவில் புழங்கும் பெயர்களில் ‘நீர்’ என்னும் ஈறு தன் நெடிலையும் ரகர மெய்யையும் உதிர்த்துவிட்டுக் குறுகி நிற்பது தமிழ்ப் பேச்சின் நெடுநாள் பழக்கம். அந்த வரிசையில் வந்து சேர்ந்துகொள்கிறது பதனி. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்பவர், ஈஞ்சையும் பனையையும் பெயரிலேயே சுமந்திருக்கும் ஈஞ்சம்பாக்கத்தையும் பனையூரையும் கடந்து, முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி என்று ஒவ்வொன்றாகப் பின்னே விட்டு நெம்மேலியை நெருங்கும்போது, கோடை நாளாயின், நுங்குக் குலைக்குப் பக்கத்தில் பானையில் விற்கப்படும் அந்த இனிய நீரின் பெயரை அட்டைகளில் பலவாறு எழுதியிருக்கக் காண்பார். ஓரிடத்தில் பதநீர், இன்னோரிடத்தில் பதனீர், வேறோரிடத்தில் துணிச்சலாகப் பதனி. எழுத்துப்பிழை என்று சிரித்துவிட்டுப் போக வேண்டாம். மகர ஈறு கெட்டால் பதநீர். அறம் அறனாவதுபோல், நிலம் நிலனாவதுபோல், பதம் பதனாகி நீரோடு புணர்ந்தால் பதனீர். இரண்டும் இலக்கணம் ஒப்பியவை. பதனி நாவு ஒப்பியது.

நெம்மேலி என்ற ஊர்ப்பெயரையும் போகிற போக்கில் தொட்டுவிடுகிறேன். செங்கல்பட்டை அடுத்து நென்மேலி என்றே னகர மெய் கெடாத ஊர் ஒன்று இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் ‘நெல் மலி’ என்பது நென்மலியாகி, பிறகு ன்ம என்ற மெய்ம்மயக்கம் ம்ம என்று இளகி நெம்மேலியானது என்று கொள்ளத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான், கல்வெட்டுச் சான்றில்லை. நெல் மலிந்ததோ இல்லையோ, இன்று சென்னைக்காரர் நெம்மேலியை அறிவது நீரால். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் அங்கே தொடங்கியது, நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர். 2024இல் 150 மில்லியன் லிட்டருக்கு இரண்டாவது ஆலையும் வந்துவிட்டது. உப்புநீர் நன்னீராகும் ஊரின் சாலையோரத்தில் மரத்துநீர் விற்கிறது. நம் ஆராய்ச்சி அந்த மரத்துநீரைப் பற்றியது.

பதம் என்ற சொல்லைக் கேட்டதும் வடமொழிப் ‘பத’த்தை நினைப்பவர் உண்டு. அடி, சொல், நிலை என்று பொருள்படும் அது வேறு. பதம் பிரித்தல், பரமபதம் என்பவற்றில் வருவது அது. சமையற்கட்டில் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோமே, அந்தப் பதம் திராவிட மொழிக் குடும்பத்துக்கு உரியது. வெந்த சோறு, மென்மை, தகுதியான செவ்வி, உரிய வேளை என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் பொருள் கிளைத்த சொல். பாகு காய்ச்சுகிறவளுக்குக் கம்பிப் பதம். உழுகிறவனுக்கு மண்ணின் ஈரப் பதம். தீட்டுகிறவனுக்குக் கத்தியின் பதம். எங்கெல்லாம் ஒரு பொருள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும் வழியில் ஒரு கணம் சரியாக நிற்கிறதோ, அங்கெல்லாம் இந்தச் சொல் வந்து நிற்கும். முன்னே போனால் வேகாதது, பின்னே போனால் குழைந்தது. பதம் என்பது ஒரு நிலையின் பெயர் மட்டுமன்று, ஒரு வேளையின் பெயரும் ஆகும் என்பதைப் பனையேறியைப் போல் உணர்ந்தவர் வேறொருவர் இருக்க முடியாது.

ஏனெனில் பனஞ்சாறு மரத்திலிருந்து சொட்டத் தொடங்கிய நேரத்திலிருந்தே வேறொன்றாகிக்கொண்டிருக்கிறது. தை, மாசியில் பாளை வெளிவரும். ஆண்பனையை அலகுப்பனை என்பர், பெண்பனையைப் பருவப்பனை என்பர். இரண்டுமே சாறு தரும். தளைநாரைக் காலில் மாட்டி ஏறி, பாளையைக் கடிப்பால் நசுக்கிக் கட்டி, நாள்தோறும் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கீழே கலயம் கட்டிவிட்டு இறங்க வேண்டும். சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நொதி அதில் இறங்கிச் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கப் பனையேறி கண்ட வழி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது. சுண்ணாம்பின் காரம் நொதியை அடக்கும். சாறு இனிப்பாகவே நிற்கும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். தடவாத கலயத்தில் இறங்குவது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறும் ஆளும் ஒருவர். ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு பெயரை மாற்றிவிடுகிறது.

ஆகவே பதநீர் என்பது சுண்ணாம்பால் பதப்படுத்திய நீரா, பதமான வேளையில் கிடைக்கும் நீரா என்று கேட்டால், இரண்டுக்கும் இடமுண்டு. நான் பின்னதையே விரும்புவேன். பதப்படுத்துதல் என்னும் வினை அந்தப் பதத்தைப் பிடித்து நிறுத்துவதற்குத்தான் வந்தது. பிடிக்கப்படுவது முன்பே இருந்தாக வேண்டும்.

ஊர் மாறினால் இதே நீர் வேறு பெயரில் வரும். கொங்குநாட்டில் தெளுவு. தெளி என்னும் வினையடியின் பிள்ளை அது. தெளிவு என்று எழுதினால் அறிவுக்குரியது, தெளுவு என்று உகரம் ஏறி நின்றால் குடிப்பதற்குரியது. யாழ்ப்பாணத்தார்க்கு அது கருப்பநீர். இங்கே நிறத்தைத் தேட வேண்டாம். இரும்பு பாதையோடு சேர்ந்து இருப்புப்பாதை ஆவதுபோல், கரும்பு கட்டியோடு சேர்ந்து கருப்புக்கட்டி. அது தேய்ந்து கருப்பட்டி. பனைவெல்லம் கறுத்திருப்பதால் கருப்பட்டி என்று இன்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தாலும், அந்தப் பெயரில் உறைந்திருப்பது கரும்பின் இனிமை. பனை அதைக் கரும்பிடம் கடன் வாங்கி, வாங்கிய கடனைத் திருப்பாமல் தனக்கே உரிமையாக்கிக்கொண்டது. கருப்பநீரும் அதே வழியில் வந்ததென்றே கொள்ளலாம். குமரிமாவட்டத்தில் அக்கானி என்பார்கள். அக்காரவடிசிலில் இருக்கும் அக்காரம்தான் அதிலும் இருக்கிறது, அக்காரநீரே அக்கானி ஆயிற்று என்று நான் கருதுகிறேன். தண்ணியும் எளனியும் தேய்ந்த தேய்வுதான் இதுவும். அக்காரமோ வடமொழிச் சர்க்கரை பாகதத்தில் சக்கரையாகி, முதல் சகரத்தைத் தமிழ் நாவு விட்டுவிட்டதால் பிறந்தது. அதே சர்க்கரை மலையாளக் கரையில் போர்த்துக்கீசியர் காதில் விழுந்து, ஆங்கிலத்தில் ‘ஜாக்ரி’ ஆனது. ஒரு குவளை பனஞ்சாற்றில் எத்தனை துறைமுகங்கள்!

கள்ளுக்கு வருவோம். ஒரே அசை, நாவின் நுனி மேலண்ணத்தில் மடிந்து தொட்டு விலகும் ளகரத்தோடு முடிகிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் இதே சொல் சிறுசிறு மாற்றங்களோடு இருக்கிறது. ஆகவே இது நம் குடும்பம் பிரிவதற்கு முன்பே இருந்த சொல். களி, களிப்பு, களியாட்டம் எல்லாம் கள்ளோடு உறவுடையவை. இன்று நாம் ஒருவர் களிப்புற்றார் என்று எழுதும்போது அதில் மயக்கத்தின் மணம் துளியும் இல்லை. முதலில் இருந்தது அதுதான். பூவின் தேனுக்கும் கள் என்ற பெயருண்டு. திருடுதலைக் குறிக்கும் கள் வேறு. கள்வனும் கள்ளச்சாராயமும் அதன் வழிவந்தவை. பன்மை காட்டும் ‘கள்’ வேறு. இந்த மூன்றாவதுதான் ஓயாத வம்புக்குக் காரணம். வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்று பண்டிகைதோறும் சண்டை வரும். ககர ஒற்று மிகுந்தால் ‘வாழ்த்தாகிய கள்’ என்று பொருள்பட்டுவிடும் என்பது ஒரு கட்சியின் வாதம். மது விலக்கின் மிகக் கடுமையான காவலர் நம் எழுத்துப் பிழைதிருத்துநர்தாம்.

பழந்தமிழில் கள்ளின் சுற்றம் பெரியது: நறவு, மட்டு, பிழி, தோப்பி, தேறல். நறவு மணத்தால் பெற்ற பெயர், நறு என்னும் அடியால். பிழி பிழிந்தெடுப்பதால். தோப்பி வீட்டில் அரிசியால் ஆக்கிக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்தது தேறல். தேறு என்றால் தெளி, நிலைபெறு. கலங்கிய கள் அடியில் வண்டல் தங்கத் தங்க மேலே தெளிந்து நிற்பதே தேறல். நோயாளி உடல் தேறுவதும் மாணவன் தேர்வில் தேறுவதும் மனம் தேறுவதும் இதே தேறுதான். இப்போது ஒன்றைப் பாருங்கள். புளித்து முதிர்ந்து தெளிந்ததைச் சங்கத்தார் தேறல் என்றனர். புளிக்கவே விடாமல் இறக்கியதைக் கொங்கர் தெளுவு என்கின்றனர். தேறு, தெளி இரண்டும் ஒருபொருட் சொற்கள். ஒரு பெயர் மயக்கத்தின் அந்தக் கரையிலும் ஒரு பெயர் இந்தக் கரையிலும் நிற்க, இரண்டுக்கும் பொருள் ‘தெளிந்தது’.

நெம்மேலிக் கரைக்கு இதில் ஒரு பங்கு உண்டு. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் வருகிறது. அது இன்றைய மாமல்லபுரமே என்று அறிஞர் சிலர் கொள்வர். அந்தப் பட்டினத்துப் பகுதியில், கள் சமைக்கும் பெண்கள் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாகி, அந்தச் சேற்றில் பன்றிக்குட்டிகள் புரளும் காட்சியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். அங்கே கள்ளோடு வரும் வினை ‘அடுதல்’, அதாவது சமைத்தல். அரிசிக் கள்ளுக்கு அதுவே பொருந்தும். பனங்கள்ளுக்கு நாம் சொல்வது ‘இறக்குதல்’. சாராயத்துக்குச் சொல்வது ‘காய்ச்சுதல்’. பெயரை மறைத்துவிட்டு வினையை மட்டும் சொன்னாலும், தானியத்திலிருந்து வந்ததா, மரத்திலிருந்து வந்ததா, உலையேறி வந்ததா என்று தமிழன் கண்டுகொள்வான். நீர்ப்பெயற்றின் பெயரிலும் நீர் இருப்பதைப் படிப்பவர் கவனித்திருப்பார்.

இதுவரை குடிப்பவர் வைத்த பெயர்கள். இனி வரி வாங்கியவர் வைத்த பெயர்கள். இவையும் சுவையில் குறைந்தவை அல்ல.

பல்லவர், சோழர் செப்பேடுகளில் ஊரைத் தானம் கொடுக்கும்போது எந்தெந்த வரிகள் இனி அரசுக்கு இல்லை என்று நீண்ட பட்டியல் வரும். அதில் இடைப்பூட்சி என்று ஆடுமாடு மேய்ப்போர் மீதான கடமையோடு கைகோத்து நிற்பது ஈழப்பூட்சி. காண் காட்சியாவதுபோல், மாண் மாட்சியாவதுபோல் பூண் பூட்சியாகும். மேற்கொண்ட கடப்பாடு என்பது பொருள். ஈழம் என்பது கள். அதை இறக்குபவர் ஈழவர். தமிழின் ழகரம் தெலுங்கில் டகரமாவது வழக்கம்: ஏழு அங்கே ஏடு, கோழி அங்கே கோடி. அந்த விதிப்படி ஈழவர்க்குரிய சொல் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஈடிக என்று வழங்குகிறது. இலங்கையைக் குறிக்கும் ஈழம், ‘சீஹள’ என்னும் பெயரில் முதல் சகரம் மறைந்து பிறந்தது என்று பலர் கொள்வர். அக்காரத்தில் நடந்த அதே மறைவு. இரண்டு ஈழமும் ஒலியால் ஒன்றுபட்டவை, குருதியால் அல்ல என்பதே என் எண்ணம். இதில் சண்டைபோட விரும்புவோர் நிறையப் பேர் உண்டு.

சோழர் செப்பேடுகள் சிலவற்றில் இன்னொரு நிபந்தனையும் காண்கிறோம்: தானமாகக் கொடுத்த ஊரில் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது என்பது. வரியும் விலக்கும் ஒரே ஏட்டில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும் நம் காலத்து விந்தை ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது என்று இதனால் தெரிகிறது.

தெற்கே திருவிதாங்கூரில் வரி இன்னும் நெருங்கி வந்து, ஏறுபவரின் கருவியையே பிடித்தது. காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம், சாத்தும் ஏணிக்கு ஏணிக்காணம். காணம் என்பது பழைய பொற்காசு. பின்னர் வரிக்கே பெயரானது. சாற்றை மறைக்கலாம், மரத்தைக் கணக்கில் விடலாம். காலில் மாட்டிய தளையை எங்கே ஒளிப்பது?

பிறகு பாரசீகம் வந்தது. ஆப் என்றால் நீர், காரி என்றால் தொழில். நீர்த்தொழில் என்னும் பொருளுடைய ‘ஆப்காரி’ நம் நாவில் அப்காரி ஆனது. ஐந்து நீர் பாயும் பஞ்சாபிலும், பூநீராகிய குலாபிலும், அதன் வழியாகக் குலாப்ஜாமூனிலும் இருக்கும் அதே ஆப். வடமொழியின் ‘அப்’ இதற்கு உடன்பிறப்பு. திருவானைக்காவில் அப்புலிங்கம் என்கிறோமே, அந்த அப்பு. சிவன் கோயில் கருவறையில் ஊறும் நீரும் கள்ளுக்கடைக் கணக்கரின் பேரேடும் ஒரு சொல்லைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன என்றால் நம்பக் கடினம்தான். ஆனால் மதுவை நீரென்று சொல்லி மறைப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். விஸ்கி என்பது ‘உயிர்நீர்’ என்று பொருள்படும் கேலிக் மொழித் தொடரின் முதற்பாதி. வோட்கா உருசிய மொழியில் வோடாவின் செல்லப்பெயர், வோடா என்றால் தண்ணீர். நாமோ இத்தனை சுற்றி வளைக்காமல் ‘தண்ணி’ என்றே சொல்லிவிடுகிறோம்.

சென்னை மாகாணத்தின் அப்காரிச் சட்டம் 1886ஆம் ஆண்டினது. அதன்கீழ் மரத்துக்கு இத்தனை என்று வாங்கிய தீர்வை மரவரி. தீர்வை என்பதும் நல்ல சொல். தீர்த்துக்கொடுப்பது, கொடுத்தால் வழக்குத் தீர்வது. இன்று அலுவலகத் தமிழில் ஆயத்தீர்வை என்று முன்னொட்டோடு வழங்குகிறது. கேரளத்தில் இப்போதும் நடப்பிலிருக்கும் அப்காரிச் சட்டம், தென்னையிலோ பனையிலோ ஈஞ்சிலோ இறக்கிய சாறு புளித்ததாயினும் புளிக்காததாயினும் அதற்கு ஒரே ஆங்கிலப் பெயர் தருகிறது: ‘டாடி’. பதநீரும் கள்ளும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்று. மக்கள் நாவு சுண்ணாம்பால் கோடு கிழித்துப் பிரித்ததை ஏடு ஒன்றாக்கிவிட்டது.

அந்த ‘டாடி’யும் அயலான் அல்லன். வடநாட்டுத் ‘தாடி’ ஆங்கிலேயர் வாயில் டாடியானது. தாடிக்கு மூலம் பனையைக் குறிக்கும் தாட், அதற்கு மூலம் தாலம். தெலுங்கில் பனைக்குத் தாடி என்றே பெயர். நம் தாழையின் ழகரம் அங்கே டகரமாக நிற்பதைக் கண்டு, தாலத்துக்கே திராவிட வேர் காண்பார் உண்டு. மேலைநாட்டுக்குப் போன டாடி, பனையை மறந்து, வெந்நீரும் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்த விஸ்கிக்குப் பெயராகிச் சளிப்பிடித்த ஸ்காட்லாந்துக்காரருக்கு மருந்தாகவும் ஆயிற்று.

ஆங்கிலேயர்க்கும் இப்படியொரு பழச்சாற்றுக் குடி உண்டு: ஆப்பிளில் சைடர், பேரிக்காயில் பெர்ரி. பெர்ரி என்பது வெளிப்படையான பெயர். பேரியைக் குறிக்கும் இலத்தீன் ‘பிரும்’ வழியே வந்தது, தென்னங்கள், ஈச்சங்கள் என்று நாம் மரத்தைச் சொல்வதுபோல. சைடரோ நெடுவழி நடந்தது. எபிரேயத்தில் ‘ஷேகார்’, மயக்கும் குடி எதற்கும் பொதுப்பெயர். கிரேக்கத்தில் ‘சிகெரா’ ஆகி, இலத்தீனில் ‘சிசெரா’ ஆகி, பிரெஞ்சு வாயில் நெகிழ்ந்து ஆங்கிலக் கரையேறியது. 14ஆம் நூற்றாண்டு விக்ளிஃப் விவிலியத்தில், மயக்கும் குடி என்று வரவேண்டிய இடத்தில் சைடர் என்றே எழுதியிருக்கிறார்கள். பொதுப்பெயர் ஒன்று ஒரு பழத்துக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிய கதை அது. வரி அங்கும் விடவில்லை. 1763இல் பியூட் பிரபுவின் அரசு பீப்பாய்க்கு 4 ஷில்லிங் தீர்வை போட்டு, வீடு புகுந்து அளக்கவும் அதிகாரம் கொடுத்தது. ஆப்பிள் விளையும் மாவட்டங்கள் கொதித்தெழுந்தன. 1766இல் திரும்பப் பெற்றார்கள். 2023 ஆகஸ்ட் முதல் சாராயச் செறிவை வைத்துத் தீர்வை கணக்கிடும் முறை அங்கே வந்திருக்கிறது. சிறு உற்பத்தியாளர்க்குச் சலுகையும் உண்டு. குடியின் வலிமைக்கேற்ப வரி என்பது அதன் கொள்கை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் விலக்கு முந்திக்கொண்டது. 1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் எடுத்தார்கள், சில ஆண்டுகளில் மீண்டும் வைத்தார்கள், 1981இல் மீண்டும் எடுத்தார்கள். 1987 சனவரி 1 முதல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. மற்ற மதுவகைகள் போவதும் வருவதுமாக இருந்து, கள் மட்டும் போனது போனதுதான். அன்றிலிருந்து சுண்ணாம்பு சமையற்பொருள் என்ற நிலை போய்ச் சட்டச்சான்று ஆகிவிட்டது. கலயத்தில் வெள்ளைப் பூச்சு இருந்தால் பதநீர், பனையேறி உழைப்பாளி. இல்லையென்றால் கள், பனையேறி குற்றவாளி.

இடையே புதுப்பெயர் ஒன்று நுழைந்தது: நீரா. தென்னையிலிருந்து புளிக்காத சாறு இறக்க 2017இல் தமிழ்நாட்டு அரசு வழிவிட்டபோது, அந்தச் சாறு இந்தப் பெயரோடுதான் உரிமத்தில் ஏறியது. குசராத்து, மராட்டியப் பக்கம் காந்தியர் காலத்திலேயே வழங்கிய பெயர் அது. வடமொழி ‘நீர’த்திலிருந்து வந்தது என்பார்கள், அந்த நீரமோ திராவிட நீரிலிருந்து வடமொழி எடுத்துக்கொண்டது என்பதே மொழிநூலார் பலர் துணிபு. நம் வீட்டிலிருந்து போன பெண், வடக்கே நெடுநாள் வாழ்ந்து, ஆகாரம் ஒன்றை அணிந்துகொண்டு, அரசாணையோடு திரும்பி வந்திருக்கிறாள். வரவேற்கலாம். ஆனால் பதநீர், தெளுவு, கருப்பநீர், அக்கானி என்று ஊருக்கொரு பெயர் இருந்த நாட்டில் உரிமத்தில் எழுத அவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லையே என்று எனக்குச் சிறு மனக்குறை உண்டு.

இன்று தமிழ்நாட்டில் மதுவுக்கு ஒரே பெயர், டாஸ்மாக். 1983இல் தொடங்கிய அரசுச் சந்தைப்படுத்தும் கழகத்தின் ஆங்கிலப் பெயரின் தலையெழுத்துகள்; 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். பெயரைப் பிரித்தால் மாநிலம் இருக்கிறது, சந்தை இருக்கிறது, கழகம் இருக்கிறது. மணம், தெளிவு, மரம் எதுவும் இல்லை. மனிதர் அருந்தும் மது சரக்கு சேவை வரிக்கு வெளியே நிற்பதால் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பம்போல் வரி கூட்டலாம். 2022 மார்ச்சிலும் 2024 பிப்ரவரியிலும் இங்கே விலை ஏறியது. சாதாரணச் சரக்கு என்று பெயர்பெற்ற கால்புட்டி ஒவ்வொரு முறையும் 10 ரூபாய் கூடியது. சரக்கு என்ற சொல்லும் பார்க்கத்தக்கது. நாட்டு மருத்துவனின் கடைச்சரக்கிலிருந்து எங்கே வந்து விழுந்திருக்கிறது! 2023 மே மாதம் நெம்மேலி இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்திலும் அடுத்த மரக்காணம் கரையிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதைக் கள்ளச்சாராயம் என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்தக் ‘கள்ள’ திருட்டின் பெயர், பனையின் பெயரன்று என்பதை மறுபடியும் சொல்லிவைக்கிறேன்.

நெம்மேலியிலிருந்து அதே கடற்கரைச் சாலையில் இன்னும் தெற்கே போனால் புதுச்சேரி எல்லை. மணல் அதே மணல், பனை அதே பனை. எல்லைக்கு அப்பால் கள்ளுக்கடை என்று தமிழில் பலகை வைத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் கடைகளை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் மாதந்தோறும் கிஸ்தி கட்டுவார். கிஸ்தி என்பது தவணைப் பங்கைக் குறிக்கும் அரபுச் சொல். ஆங்கே கள் கிஸ்தி கட்டிக்கொண்டு வாழ்கிறது; இங்கே வரி கட்டவும் வழியில்லாமல் ஒளிந்திருக்கிறது. மரத்தடியில் குடிக்கும் பனங்கள்ளில் சாராயச் செறிவு ஏறக்குறைய 5 விழுக்காடு, ஆங்கிலேயரின் சைடர் அளவு. அரசுக் கடையில் விற்கும் பிராந்தி, ரம் வகையில் அது 42.8 விழுக்காடு.

கள்ளை வடிகட்டப் பனையேறி பயன்படுத்துவது பன்னாடை. பனை, தென்னையின் மட்டையடியில் வலைபோல் பின்னிய நார்த்துணி. பன்னு என்றால் நெய். நெய்யாமலே நெய்த ஆடை அது. அருமையான பெயர், ஆனால் வசையாகிவிட்டது. காரணம் அதன் குணம்: தெளிந்ததைக் கீழே விட்டுவிட்டு மண்டியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் கடைமாணாக்கனுக்கு உவமை தேடியபோது இதையே எடுத்தார். அவர் சொன்ன நெய்யரி நம் பன்னாடைதான். 5 விழுக்காட்டை ஒழுகவிட்டு 42.8 விழுக்காட்டைப் பிடித்து வைத்திருக்கும் சட்டத்துக்கும் இந்தச் சொல் பொருந்துமே என்று படிப்பவர் யாரேனும் கேட்டால், நான் மறுக்க மாட்டேன். ஆனால் முனிவர் சொன்னது மாணாக்கனை மட்டும்தான்.